மெத்தை மோட்டாரை நிறுத்தியது யார்

தம்பி,

நீயும் நித்யாவும் அயர்லாந்துக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் இது ஹைதராபாத் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குப் பேப்பரை எடுத்தாள் என்று நீ நினைப்பாய். போனில் நான் எதையாவது கொஞ்சம் இழுத்துச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே, "சரி விடும்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறாய். உன்மேல் தப்பு சொல்லவில்லை. நீ அப்படி முடிப்பது எனக்கும் பல சமயம் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. இந்த விஷயத்தை அப்படி விட்டுவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ கேட்டாய், "நாங்க போனப்புறம் பிளக் ஏதாவது ஆஃப்லைன் ஆச்சுன்னா நீயே சரி பண்ணிடுவியா?" என்று. ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டாய். பண்ணிவிடுவேன். முப்பது வருஷமாகப் பவர் ஸ்டேஷனில் ரிலே சோதிக்கிற வேலை பார்க்கிறவள் நான். லைனில் கோளாறு வந்தால் எது முதலில் விழ வேண்டும், எது விழவே கூடாது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. உள்ளங்கை அளவு இருக்கிற பிளக் என்னை முக்கால் வருஷம் ஆட்டிவைத்தது உண்மைதான். இப்போது அதன் குணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட அன்றைக்கே வேறொன்றும் தெரிந்துபோனது. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். ஆவணியில் உங்கள் நிச்சயம் முடிந்தது. புரட்டாசியில் நீ லீவில் வந்திருந்தபோது, வடலூரிலிருந்து நித்யாவும் அவள் அம்மாவும் நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து அப்போதே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்தேகாலுக்குத்தான் வீடு. பக்கத்து ஊரிலிருந்து வருகிற அஞ்சலை காலை ஏழு மணிக்கே வந்து, மத்தியானம் ஒரு மணி வரை இருந்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டுப் போவாள். அப்புறம் நான் வருகிற வரைக்கும் அவர் தனிதான். அங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு மனசு கேட்கவில்லை. வைஃபையில் சேர்த்து, எங்கிருந்தாலும் போனிலேயே போடவும் அணைக்கவும் முடிகிற நாலு பிளக் வாங்கிக்கொண்டு வந்தாய். வாங்கியது நீ, மாட்டியது அவள். நெட்வொர்க் வேலை பார்க்கிற பெண் என்பதால் அவளிடம் கொடுத்தாய். நான் வைத்த காப்பி ஆறிப்போக, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போனில் சேர்த்தாள். கீசருக்குப் பத்து ஆம்பியர் பிளக் தாங்காது, பதினாறு போடு என்று நான் சொன்னதும், "அத்தை சொல்றதுதான் கரெக்ட்" என்று உன்னை அப்போதே கடைக்கு விரட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

கீசர், அப்பாவின் காற்று மெத்தைக்கு ஓடுகிற மோட்டார், டேபிள் ஃபேன், டிவி. இந்த நாலும் பிளக்கில் வந்தன. மெத்தையைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு பக்கமே படுத்திருந்தால் உடம்பு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லி வாங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மெத்தையின் அறைகள் மாறி மாறி உப்பும். அது ஓடுகிறதா என்று நீ அங்கிருந்து பார்க்கலாம், நான் வேலை இடத்திலிருந்து பார்க்கலாம் என்பதற்காக அதையும் பிளக்கில் போட்டோம். அப்போது எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஐப்பசியில் ஒரு நாள். மழை பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போது கீசரை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. போனை எடுத்தேன். வரிசையில் முதலில் இருப்பது கீசர். அது எப்போதும் அங்கேதான் இருக்கும், விரல் பழகிவிட்டது. கண்ணாடி பைக்குள் கிடந்தது, எடுக்கவில்லை. முதலில் இருந்ததைத் தட்டினேன். ஒரு வட்டம் சுற்றியது, அப்புறம் வெளிறிப் போயிற்று. அணைந்துவிட்டது என்று போனை உள்ளே போட்டேன். அன்றைக்கு ஆய்வுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மத்தியானம் போனைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மெத்தை சப்பையாகக் கிடக்கிறது. கட்டிலின் பலகைமேல் ஒரு துணி விரித்துப் படுக்கவைத்த மாதிரி அப்பா கிடக்கிறார். மோட்டார் பிளக்கில் வெளிச்சமே இல்லை. பிளக்கில் இருக்கிற பொத்தானை அழுத்தினேன், உடனே ஓட ஆரம்பித்தது. அப்பா என்னைப் பார்த்து, "கல்லு... கல்லு..." என்றார். மறுநாள் அஞ்சலையிடம் கேட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆமாக்கா, சோறு ஊட்டும்போதே கல்லு கல்லுன்னு சொல்லிகினே இருந்தாரு. நான் சோத்துல கல்லு கெடக்குதுன்னு தட்ட முழுக்கத் தேடிகினு இருந்தேங்க்கா. ஒண்ணுகூட அம்புடல" என்றாள். அவளைச் சொல்லி என்ன பயன்? ஃபேன் சத்தத்தில் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குக் கேட்கும்? மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே சிவந்திருந்த இடம் தோல் உரிந்தது. சர்க்கரை உடம்பு. அந்தப் புண் ஆற எத்தனை மாசம் ஆனது என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ போன் பண்ணினாய். "நீ எதாவது தொட்டியாம்மா?" என்று கேட்டாய். "நான் போனையே தொடல. அதுவா நின்னுபோச்சு" என்றேன். தம்பி, அது பொய். நான் தொட்டேன். கீசரைத்தானே தொட்டேன், மெத்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தொடவில்லை என்று சொன்னது பொய்தான். நீ உடனே நித்யாவையும் லைனில் சேர்த்தாய். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "செட்டிங்ஸ் எல்லாம் நீதானே பண்ணே? இதுகூட ஒழுங்கா பண்ணத் தெரியாதா? எங்கப்பா ஒம்பது மணி நேரம் கட்டையில கெடந்திருக்காரு" என்று கத்தினாய். கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருக்கிற பெண்ணிடம் அப்படிப் பேசாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்புறம் அவள், "சாரி அத்தை. நான் செக் பண்றேன்" என்றாள். நான், "பரவாயில்லம்மா" என்றேன். செய்யாத தப்புக்கு அவள் சாரி சொன்னாள். நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

எனக்கு இது புதுப் பழக்கம் இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது டிவி ஸ்டெபிலைசர் புகைந்துபோனது நினைவிருக்கிறதா? நீதான் எதையோ நோண்டிவிட்டாய் என்று உன்னை அடித்தேன். நீ இல்லை இல்லை என்று அழுதாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, புது ஃப்யூஸ் மாட்டி மூடினேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். வேலையில் ஒரு பிரேக்கர் விழுந்தால், ஏன் விழுந்தது என்று ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வீட்டில் ஏதாவது கெட்டால் முதலில் ஆளைத்தான் தேடுவேன். அந்தப் புத்தியை உனக்கும் நானே கொடுத்திருக்கிறேன் என்று நீ நித்யாவிடம் கத்தியபோது தெரிந்தது.

தை மாசம் கல்யாணம். அப்பாவால் சக்கர நாற்காலியில் அரை மணிக்குமேல் உட்கார முடியவில்லை. புண் அழுத்தும். மண்டபத்தில் பின்னால் இருந்த அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தோம். தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் மேடைக்குக் கூட்டிவந்து, கட்டி முடித்ததும் திரும்பக் கொண்டுபோனோம். நீ மாலையும் கழுத்துமாக இரண்டு தடவை திரும்பித் திரும்பி அவரைத் தேடியதை நான் பார்த்தேன். நித்யாவும் பார்த்தாள். சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல், பட்டுச்சேலையோடு அந்த அறைக்கு வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

இனி போன மாசத்துக் கதை. கேபிள்காரர் வந்து பழைய வைஃபை பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு வைத்துவிட்டுப் போனார். போனில் எல்லாம் நன்றாக வந்தது. நாலு பிளக்கும் செத்துவிட்டன. நாலுக்கும் ஆஃப்லைன் என்று காட்டியது. நல்லவேளை, மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இணைப்பு போனாலும் ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்கும், நம்மால் பார்க்கத்தான் முடியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யாவை வீடியோவில் கூப்பிட்டேன். நீ ஏதோ மேட்ச் பார்க்கப் போயிருந்தாய்.

முதலில் டிவி பிளக்கில் ஆரம்பித்தோம். பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு படபடவென்று மின்னும். மெதுவாக மின்னினால் அது வேறு முறை, திரும்பவும் அழுத்த வேண்டும். மின்னுகிறது, போன் தேடுகிறது, நூறு வரைக்கும் எண்ணிவிட்டு இணைப்பு தோல்வி என்கிறது. பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தேன். தோல்வி. போனில் மொபைல் டேட்டாவை அணைத்தேன். தோல்வி. லொகேஷனுக்கு அனுமதி கொடுத்தேன். அப்போதும் தோல்வி. "ஒருவேளை பிளக்கே போயிடுச்சோ?" என்றேன். நித்யா, "நாலும் ஒரே நாள்ல போகாது அத்தை. மாறினது பெட்டி மட்டும்தான். அப்ப பெட்டியிலதான் பாக்கணும்" என்றாள். என் ஷிப்டு இன்ஜினியர் சொல்வதைக் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு உனக்கும் உதவும். புதுப் பெட்டி இரண்டு அலைவரிசையில் வேலை செய்கிறது. ஒன்று வேகமானது, சுவர் தாண்டித் தூரம் போகாது. இன்னொன்று மெதுவானது, தூரம் போகும். இந்த மாதிரி பிளக்குகளுக்கு மெதுவானது மட்டும்தான் தெரியும். பெட்டி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் போன் வேகமானதில் உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கூப்பிட்டது, பிளக்குக்குக் கேட்கவில்லை. நித்யா சொல்லச் சொல்லப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து இரண்டையும் பிரித்தேன். பிரித்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. "அத்தை, அந்த மெதுவானதுக்குப் பழைய பெட்டியோட பேரையே வைங்க. பாஸ்வேர்டும் பழசே. பிளக்கு எதையும் தொடாதீங்க" என்றாள். வைத்தேன். இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். டிவி பிளக்கைத்தான் நான் ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தேன், அதைத் திரும்பச் சேர்த்தேன், ஒரே தடவையில் ஏறியது. ஃபேனும் மோட்டாரும் தாங்களாகவே வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியது அவ்வளவு எளிசாக முடிந்தது.

கீசர் மட்டும் வரவில்லை. பெட்டி பீரோவுக்குப் பின்னால் இருப்பதால் குளியலறை வரை எட்டவில்லை போல என்று பெட்டியை எடுத்து ஹால் ஷெல்ப்மேல் வைத்தேன். வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பிளக்கில் விளக்கே இல்லை. சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறது. அஞ்சலை அப்பாவைக் குளிப்பாட்டியதும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள், அவ்வளவு பொறுப்பு. சுவரில் அணைத்தால் பிளக்குக்கே கரண்ட் கிடையாது, அப்புறம் அது எங்கே பேசும்? சுவிட்சைப் போட்டேன். கையில் போனைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். கடைசி வரியில் வெளிறிக் கிடந்த கீசர் பளிச்சென்று நிறம் ஏறி, என் கண் முன்னாலேயே முதல் இடத்துக்குப் போனது. முதல் இடத்தில் இருந்த மெத்தை மோட்டார் இரண்டாவது இடத்துக்கு இறங்கியது.

தம்பி, நான் அப்படியே குளியலறை வாசலில் நின்றுவிட்டேன். ஆஃப்லைன் ஆனது கடைசிக்குப் போகும். அடுத்தது மேலே வரும். ஐப்பசியில் அந்தக் காலையில் அஞ்சலை கீசரைச் சுவரில் அணைத்திருக்கிறாள். மோட்டார் முதலில் வந்திருக்கிறது. கண்ணாடி போடாத நான் முதலில் இருந்ததைத் தட்டியிருக்கிறேன்.

நித்யா இன்னும் லைனில்தான் இருந்தாள். நானே கேட்டேன். "முன்னாடி எப்ப எது நின்னுச்சுன்னு இதுல பாக்க முடியுமா?"

"முடியும் அத்தை."

"ஐப்பசியில நின்னது இருக்குமா?"

"இருக்குது அத்தை. காலைல எட்டு பத்தொன்பது. உங்க போன்லருந்து."

"நீ எப்பப் பாத்தே?"

"அன்னிக்கே பாத்துட்டேன். அவரு கத்திட்டு வெச்சதும் பாத்தேன்."

"அவங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்ககிட்டயும் அதே மாதிரிதான் கத்தியிருப்பாரு. மாமாவப் பாத்துக்கறது நீங்கதான் அத்தை. நீங்க அந்த போனத் தொடவே பயந்துட்டீங்கன்னா அப்புறம் யாரு பாக்கறது? அதோட, தப்பு எம்மேலயும் இருக்குது. ஒரு தட்டுல நிக்கற மாதிரி அந்த மோட்டார நான் வெச்சிருக்கக் கூடாது. அன்னிக்கு ராத்திரியே மாத்தி வெச்சேன். இப்ப அணைக்கணும்னா ரெண்டு தடவ கேக்கும்."

ஏழெட்டு மாசம் அந்தப் பதிவு அவள் கையில் இருந்திருக்கிறது. நீ கோபத்தில் எத்தனை தடவை "உன் செட்டிங்ஸ்" என்று குத்திக்காட்டினாய் என்று எனக்கே கணக்குத் தெரியும். கல்யாணத்தன்று அப்பா பின்னறையில் படுத்திருந்தபோது அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் என்னை உன் முன்னால் நிறுத்தியிருக்கலாம். "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். "அய்யோ அத்தை" என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். போனில் அவள் கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது.

அன்றைக்கே மோட்டாரை அந்தப் பிளக்கிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டிவிட்டேன். நிற்கவே கூடாத ஒன்றுக்கு நடுவில் தேவையில்லாத ஒரு சுவிட்ச் இருக்கக் கூடாது. இது வேலையில் நான் புதுசாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லுகிற முதல் பாடம். என் வீட்டுக்காரர் படுக்கையில் அதை மறந்திருக்கிறேன். கீசர், ஃபேன், டிவி மூன்றும் பிளக்கிலேயே இருக்கட்டும், அவை அணைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீ இனிமேல் போனில் பார்த்தால் மோட்டார் இருக்காது, பதறாதே. மெத்தை உப்பியிருக்கிறதா என்று அஞ்சலை மணிக்கு ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்க்கிறாள். ஒரு மணிக்குக் கிளம்பும்போது வீடியோ போட்டுக் காட்டிவிட்டுப் போகிறாள்.

அப்பாவிடமும் சொன்னேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து முழுதும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வலது கையால் என் கையை ஒரு தடவை தட்டினார். அப்புறம், "போன்... போடு" என்றார். யாருக்கு என்றேன். "மருமக" என்றார். வாய் குழறுகிறது என்று இரண்டு வருஷமாக அவர் போனில் யாரிடமும் பேசுவதில்லை என்பது உனக்கே தெரியும். உன்னிடம்கூடத் தலையாட்டுவதோடு சரி. நித்யா எடுத்தாள். அவர், "ஆறிடுச்சும்மா" என்றார். அவளுக்குப் புரியவில்லை, "என்ன மாமா?" என்றாள். திரும்பவும் சொன்னார். புரியவில்லை. நான் குறுக்கே சொல்லப்போனேன், கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக, "புண்ணு... ஆறிடுச்சு" என்றார். அவள் அந்தப் பக்கம் அழுவது கேட்டது. இவர் போனை என்னிடம் கொடுக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நானே உன்னிடம் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். ஒரு மாசமாக நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். தெரியாத ஊருக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள். அங்கே ஏதாவது கெடும், ஏதாவது தவறும். அப்போது உன் வாயிலிருந்து முதலில் வருவது அவள் பெயராக இருக்கக் கூடாது. என்ன ஆனது என்று முதலில் பார். ஆள் யார் என்பதை அப்புறம் பார்க்கலாம், பெரும்பாலும் பார்க்கவே தேவையிருக்காது. என்னால் உனக்கு வந்த பழக்கம், நீதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. என்மேல் கோபம் இருந்தால் அது காத்திருக்கட்டும், நான் எங்கேயும் போகப்போவதில்லை. நித்யா பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். எழுந்து அங்கே போ.

அம்மா